புது நீதித்துறை நடுவருக்கு முதலில் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? தேவகோட்டை, காரைக்குடி கோர்ட் அனுபவம் உள்ளவர்கள் வாருங்கள்

தேவகோட்டை ஜூனியர்

என் சித்தப்பா மகள் சிவில் நீதிபதி தேர்வில் தேறிவிட்டாள். அடுத்து பயிற்சி. நாலு வருடம் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வக்கீலாக இருந்தவள்தான், ஆனால் நம் பக்கத்து ஜூனியருக்கு என்ன வழக்குக் கட்டு கையில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாகப்பிரிவினை. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்குதாரர், பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூர் மலேசியாவில், யாருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது யாருக்குச் சேரவில்லை என்று பார்த்து முடிப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடும். கிரிமினல் பக்கம் கொஞ்சம் பெயில் மனு, கொஞ்சம் செக் கேஸ். குற்றச்சாட்டு வனைவதில் தொடங்கி தீர்ப்பு வரை ஒரு வழக்கைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அவளே சொல்கிறாள்.

ஆனால் போஸ்டிங் வரும்போது பெரும்பாலும் உரிமையியலும் குற்றவியலும் ஒரே நாற்காலி. காலையில் வாய்க்கால் தகராறு, மதியம் திருட்டு வழக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் ரிமாண்ட், அதாவது கைதானவரைக் காவலில் வைக்கக் கேட்டு போலீஸ் கொண்டு வந்து நிறுத்துவது.

மாநில நீதித்துறை அகாடமி சென்னையில் இருக்கிறது, மதுரையிலும் கோவையிலும் மண்டல மையம் இருக்கிறது. சட்டத்தை நன்றாகவே சொல்லித் தருவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் என்னிடம் கேட்டது வேறு. "அண்ணே, நீங்க பார்த்த கோர்ட்டுகளில் யார் கையில் வழக்கு நகர்ந்தது, அவங்க அப்படி என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். வக்கீல்கள் மட்டும் இல்லை, சாட்சியாகப் போனவர்கள், கோர்ட் ஊழியர்கள், காவலர்கள் எல்லோரும் சொல்லுங்கள். அவள் படிப்பாள்.

பழைய பெஞ்ச் கிளார்க்

தங்கச்சிக்கு வாழ்த்துகள் தம்பி. 31 வருடம் நீதித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பாதிக்கு மேல் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்கு நேர் கீழே உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் வருகிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் ரொம்பச் சின்னது. வழக்கு நகர்ந்த கோர்ட்டில் எல்லாம் நீதிபதி முதல் நாள் சாயங்காலமே மறுநாள் பட்டியலைப் பார்த்துவிடுவார். ஒரு அம்மா இருந்தார், அவருக்கு அதுதான் முதல் போஸ்டிங். தினமும் ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிடுவார். "நாளைக்கு எத்தனை சாட்சி? எந்த ஊர்? பஸ் எத்தனை மணிக்கு?" இந்த மூன்று கேள்விதான். நான் முதலில் இது என்னடா என்று நினைத்தேன். காளையார்கோவில் பக்கத்து உள்கிராமத்தில் இருந்து வருகிற ஆள் காலை பஸ்ஸை விட்டால் மதியம்தான் வருவார், திரும்பிப் போக மாலை ஒரே பஸ். அவரை நாலு மணிக்குக் கூண்டில் ஏற்றினால் அவர் மனசு பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கும். கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்பார். அந்த அம்மா அப்படிப்பட்ட சாட்சியைப் பதினொன்றரைக்கு எடுத்து ஒரு மணிக்குள் குறுக்கு விசாரணையும் முடித்து, சாட்சிப் படியைக் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இதைச் செய்யாத கோர்ட்டில் என்ன நடக்கும்? பத்தரைக்கு அழைப்பு ஆரம்பிக்கும். அறுபது எழுபது வழக்கு. ஒவ்வொன்றிலும் ஆஜராகாதவருக்கு மனு, வாய்தா, அடுத்த தேதி. இது முடியவே பன்னிரண்டரை. சாட்சிகள் எல்லாம் வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் வக்கீல் எழுந்து, சீனியர் சிவகங்கையில் இருக்கிறார், மதுரையில் இருக்கிறார் என்பார். சரி, அடுத்த மாதம் 14.

அகாடமிக்கு நான் ஒன்று சொல்ல முடிந்தால், பயிற்சியில் இருக்கிற நீதிபதியை முதல் பத்து நாள் மேடையில் மூத்த நீதிபதி பக்கத்தில் உட்கார வைக்காமல் பெஞ்ச் கிளார்க் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று சொல்வேன். மேடையில் இருந்து பார்த்தால் வக்கீல்கள் முகம் தெரியும். கீழே இருந்து பார்த்தால்தான் கட்டு எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரியும்.

கண்டனூர் வீடு

பெஞ்ச் கிளார்க் ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் வக்கீல் குடும்பம் இல்லை, சாட்சி குடும்பம்.

எங்கள் பூர்வீக வீடு பூட்டிக் கிடந்தபோது திருடு போனது. நம் பக்கம் இது புதிதில்லை, ஊருக்கு ஊர் பூட்டின வீடுதானே. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, நிலையில் இருந்த மரச் சிற்பம் ஒன்றைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். எல்லாம் அம்மாவுக்குச் சீர் வந்த சாமான், பாதியில் ஐயா பெயர் வெட்டியிருக்கும். போலீஸ் பிடித்தது, பாதிப் பொருள் கிடைத்தது. அம்மாதான் முதல் சாட்சி. அப்போது வயது 71, இருப்பது சென்னையில் என் வீட்டில்.

முதல் தடவை போனோம், எதிரியில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், ஒருவர் வரவில்லை, வாய்தா. இரண்டாம் தடவை நீதிபதி விடுப்பு, அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ராத்திரி ரயிலில் அம்மாவை அழைத்து வந்திருக்க மாட்டேன். மூன்றாம் தடவை அம்மாவை விசாரித்தார்கள், அண்டாவை எடுத்துக் காட்டினார்கள், அம்மா அழுதுவிட்டார். குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் தேதி கேட்டார், கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் நீதிபதி மாறுதல். குறுக்கு விசாரணை நடந்தது பதினான்கு மாதம் கழித்து. அண்டாவுக்கு எத்தனை காது, பெயர் உள்பக்கம் வெட்டியிருந்ததா வெளிப்பக்கமா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், முன்பு இப்படிச் சொன்னீர்கள் இப்போது அப்படிச் சொல்கிறீர்கள். ஐம்பது வருடம் கையில் புழங்கின சாமானை அம்மா தன்னுடையது இல்லையோ என்று தானே சந்தேகப்படும் அளவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

வழக்கு விடுதலையில் முடிந்தது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனிமே எது களவு போனாலும் புகார் குடுக்காதே தம்பி" என்றார், அவ்வளவுதான். புதிதாக வரும் நீதிபதி இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேவகோட்டை ஜூனியர்

அண்ணே, படித்துவிட்டு அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஆச்சியிடம் சொல்லுங்கள்.

குற்றவழக்கு வக்கீல், காரைக்குடி

நான் எதிரிகளுக்கு ஆஜராகிறவன், 22 வருடமாக. கண்டனூர் அண்ணன் சொன்னது எங்கள் தரப்புக்கும் தலைகுனிவுதான், ஒத்துக்கொள்கிறேன். முதல் விசாரணை முடிந்து குறுக்கு விசாரணைக்குத் தேதி கேட்பது பல நேரம் சாட்சி மறக்கட்டும் என்றுதான், சாட்சியை நடுவில் யாராவது போய்ப் பார்க்கவும் அதுதான் வசதி. இதை உச்ச நீதிமன்றம் 2015-ல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் ரொம்பக் கடுமையாகவே சொல்லிவிட்டது. அதில் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையே 20 மாதம். புதுச் சட்டத்திலும், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில், 346-ஆம் பிரிவு சாட்சி வந்திருந்தால் தினமும் தொடர்ந்து நடத்து என்கிறது, கட்சிக்காரர் கையை மீறிய காரணம் இருந்தால்கூட இரண்டு வாய்தாவுக்கு மேல் இல்லை என்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. வழக்கை நகர்த்தும் நிர்வாகம், நிர்வாகம் என்று புதுப் பிள்ளைகளுக்கு வேகத்தை மட்டும் ஏற்றிவிட்டால், மாதம் எத்தனை முடித்தோம் என்ற கணக்குதான் மனசில் நிற்கும். குற்றப்பத்திரிகையின் நகல்கள் எதிரிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் குற்றச்சாட்டு வனைந்தால், அப்புறம் சாட்சி கூண்டில் நிற்கும்போது நான் எழுந்து எனக்கு மருத்துவச் சான்று நகல் வரவில்லை என்பேன். அது உண்மையாகவும் இருக்கும். அன்று வாய்தா கொடுக்காமல் என்ன செய்வார்? அதனால் வாய்தாவை நிறுத்தும் வேலை மூன்று மாதத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 230-ஆம் பிரிவு 14 நாளுக்குள் நகல் கொடுக்கச் சொல்கிறது. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எதிரி கையில் போய்விட்டதா என்று முதல் தேதியிலேயே பார்க்கிற நீதிபதி முன்னால் நான் வாய்தா கேட்கக் கூசுவேன்.

அப்புறம் ரிமாண்ட். தங்கச்சிக்கு விசாரணை நடத்தும் வாய்ப்பு வருவதற்கு முன்பே இது வந்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்த சில நாளில் ஒருவர் பின் ஒருவராக இறந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் மறக்க முடியாது. ஆளை முன்னால் வரவழைத்து, போலீஸைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். கேட்கும்போது குரல் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். அதட்டிக் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது அவசியம்தானா என்ற அர்னேஷ் குமார் தீர்ப்புக் கேள்வியும் (2014) அங்கேயே கேட்கப்பட வேண்டியது.

சட்டக் கல்லூரி மாணவி

ஒரு சந்தேகம் சார். மூன்று வருடம் வக்கீலாக இருந்தால்தான் இனி சிவில் நீதிபதி தேர்வு எழுத முடியும் என்று தீர்ப்பு வந்ததே, அப்படியானால் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடாதா? அதோடு ஒரு வருடப் பயிற்சியும் கட்டாயம் என்று படித்தேன்.

தேவகோட்டை ஜூனியர்

ஆமாம்மா, 2025 மே 20-ல் வந்த தீர்ப்பு. 1993-ல் மூன்று வருடம் வேண்டும் என்றார்கள், 2002-ல் ஷெட்டி கமிஷன் பரிந்துரைப்படி வேண்டாம் என்றார்கள், இப்போது திரும்ப வேண்டும் என்றாகிவிட்டது. ஏற்கெனவே தொடங்கிவிட்ட தேர்வுகளுக்கு அது பொருந்தாது. நாற்காலியில் உட்காரும் முன் ஒரு வருடப் பயிற்சி என்பதும் அதில் இருக்கிறது.

ஆனால் தானாகத் தீராது. என் தங்கைக்கு நாலு வருடம் இருந்ததே, மேலே எழுதினேன் பாருங்கள், அதில் ஒரு முழு குற்ற விசாரணை இல்லை. மூன்று வருடம் என்பது காலண்டர் கணக்கு. அந்த மூன்று வருடத்தில் யாருடைய ஆபீஸில் இருந்தார், எந்தக் கட்டைத் தூக்கினார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அதனால்தான் அந்த ஒரு வருடப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஏ.பி.பி. ஆக இருந்தவன்

ஏ.பி.பி. என்றால் உதவி அரசு வழக்கறிஞர். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் 313-ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ்.ஸில் 351. சாட்சி எல்லாம் முடிந்ததும் எதிரியைப் பார்த்து, உனக்கு எதிராக இன்னின்ன சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்கும் கட்டம்.

பல கோர்ட்டில் இது எப்படி நடக்கிறது? அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) இப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறார், என்ன சொல்கிறீர்கள்? பொய். அ.சா.2 இப்படிச் சொல்லியிருக்கிறார்? பொய். பழைய வழக்கில் தட்டச்சு செய்ததை எடுத்துப் பெயரை மாற்றி அடித்த கேள்வித்தாள். ஒரு சாட்சியின் நாலு பக்க வாக்குமூலத்தை அப்படியே ஒரே கேள்வியாக ஆக்கி, படிப்பறிவு இல்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி பதில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் எதற்குப் பதில் சொல்வார்?

இதனால் வருகிற சேதம் பெரியது. ராஜ்குமார் எதிர் டெல்லி அரசு என்று 2023-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. சம்பவம் 1995. அந்த எதிரிக்கு எதிராக இருந்த முக்கியமான சங்கதியையே விசாரணை நீதிமன்றம் அவரிடம் கேள்வியாக வைக்கவில்லை. 27 வருடம் கழித்துத் திரும்பக் கேளுங்கள் என்று அனுப்புவது நியாயம் இல்லை என்று அவரை விடுதலை செய்துவிட்டார்கள். அத்தோடு நிற்காமல், இது பல வழக்கில் நடக்கிறது, தேசிய நீதித்துறை அகாடமியும் மாநில அகாடமிகளும் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பின் நகலை அவர்களுக்கே அனுப்பச் சொன்னார்கள். பயிற்சியில் குறை இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே அகாடமி வாசலில் கொண்டுபோய் வைத்த விஷயம் இது.

இதை வகுப்பில் சொற்பொழிவாகச் சொன்னால் ஏறாது. முடிந்துபோன ஒரு வழக்குக் கட்டை அப்படியே கொடுங்கள். சாட்சியங்களைப் படித்து எதிரிக்கான கேள்விகளை நீயே எழுது என்று சொல்லுங்கள். பிறகு அந்த வழக்கில் உண்மையில் கேட்ட கேள்விகளைக் காட்டுங்கள், மேல்முறையீட்டில் என்ன ஆனது என்றும் காட்டுங்கள். பத்து கட்டு இப்படிச் செய்தால் அந்த நீதிபதி வாழ்நாள் முழுக்க பழைய கேள்வித்தாளைத் தொட மாட்டார். கேள்வி தயாரிக்க அரசு வழக்கறிஞர், எதிரி வழக்கறிஞர் இரண்டு பேர் உதவியையும் வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது. என் பணிக்காலத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட நீதிபதிகள் இரண்டே பேர்.

பழைய பெஞ்ச் கிளார்க்

ஏ.பி.பி. சார் சொன்னது நூற்றுக்கு நூறு. அதற்கு முந்தின கட்டம் ஒன்று சொல்கிறேன், சாட்சியம் பதிவு செய்வது. நம் மாநிலத்தில் கீழ் நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில்தான். 1976-ல் ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஆனால் எந்தத் தமிழ்?

ஒரு வழக்கு. பாத்திர வியாபாரி மாதிரி வந்து வீட்டை நோட்டம் விட்டான் என்று குற்றச்சாட்டு. வேலைக்கார அம்மா சாட்சி. "நான் பாக்கையில வளவுக்குள்ள நின்னான்" என்கிறார். நமக்கு வளவு என்றால் என்ன? முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டி, உள்ளே சுற்றுக்கட்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற திறந்த வெளி. அங்கே வெளியாள் நின்றால் வீட்டின் நெஞ்சுக்குள் வந்துவிட்டான் என்று அர்த்தம். நீதிபதி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் வளவு என்றால் நாலைந்து வீடு சேர்ந்த குடியிருப்பு. "எதிரி அந்தக் குடியிருப்புப் பகுதியில் நின்றுகொண்டிருந்தார்" என்று சொல்லச் சொல்ல தட்டச்சர் அடித்துவிட்டார். அத்துமீறி உள்ளே நுழைந்தவன் தெருவில் போனவனாக மாறிவிட்டான். நல்லவேளை, படித்துக் காட்டும்போது அந்த அம்மா "நான் அப்படிச் சொல்லலீங்களே" என்றார். எத்தனை சாட்சி அப்படிச் சொல்லத் துணிவார்கள்?

நல்ல மனிதர் அந்த நீதிபதி, அன்றைக்கே திருத்தினார். அடுத்த வாரம் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதனால் தங்கச்சிக்கு நான் சொல்வது, சாட்சி சொன்ன சொல்லை அப்படியே போடச் சொல்லுங்கள், புரியாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று சாட்சியிடமே கேட்டு அதையும் போடுங்கள். ஏட்டுத் தமிழாக்க வேண்டாம்.

மானகிரி

எல்லாம் சரி. ஆனால் எல்லாப் பாரத்தையும் புதிதாக வருகிற பிள்ளை தலையில் வைக்கிறீர்கள். ஏ.பி.பி. ஒருவரே இரண்டு கோர்ட் பார்க்கிறார், தட்டச்சர் இடம் காலி, இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பயிற்சி கொடுத்து என்ன செய்ய? ஆள் போடுங்கள் முதலில்.

குற்றவழக்கு வக்கீல், காரைக்குடி

ஆள் பற்றாக்குறை உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஆள் பலத்தோடு, அதே கட்டடத்தில், ஒரு நீதிபதி இருந்தபோது வருடத்தில் முடிந்த வழக்கு அடுத்தவர் வந்ததும் மூன்று வருடம் இழுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏ.பி.பி. இரண்டு கோர்ட் பார்க்கிறார் என்றால், அவர் எந்த நாள் எங்கே இருப்பார் என்று கேட்டு சாட்சிகளை அந்த நாளில் போட முடியும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் அனுப்பிய குற்றவியல் நடைமுறை வரைவு விதிகளில் இதற்கென்றே ஒரு அமர்வு இருக்கிறது. குற்றச்சாட்டு வனைந்த கையோடு இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, நேரில் பார்த்த சாட்சி யார், பொருளைக் கைப்பற்றியபோது கூட இருந்த மகஜர் சாட்சி யார், டாக்டர் எந்த ஊருக்கு மாறுதலாகிவிட்டார் என்று பிரித்துத் தொடர்ச்சியான தேதிகளைப் போட வேண்டும். அரை மணி நேரம்தான் ஆகும்.

கோர்ட் டூட்டி பார்த்தவன்

காவல்துறையில் இருந்தேன், ஆறு வருடம் கோர்ட் டூட்டி. சம்மன் கொண்டுபோகிறவன் நான்தான். எந்த சாட்சி வெளிநாடு போய்விட்டார், எவர் இறந்துவிட்டார், எதிரிகளில் யார் திருப்பூரில் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன். பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள், பிடியாணையைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மஞ்சுவிரட்டுத் தகராறு, திருவிழாத் தகராறு மாதிரி வழக்கில் இருபது, முப்பது எதிரி இருப்பார்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒருவர் வரமாட்டார். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரும், சாட்சிகளும் திரும்பிப் போவார்கள். வராதவர் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டு மற்றவர்களுக்கு நடத்தலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை எப்போது செய்வது என்று புது நீதிபதிகளுக்குத் தயக்கம் இருக்கிறது. இதைப் பயிற்சியில் கட்டு வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்டேஷன் வாசலில் மட்கிப் போகிற வண்டிகள். புதுச் சட்டத்தில் 497, பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல் தயார் செய்து போட்டோ வீடியோ எடுத்து, அதற்கப்புறம் 30 நாளில் அதை என்ன செய்வது என்று உத்தரவு போடச் சொல்கிறது. கண்டனூர் ஆச்சியின் அண்டாவை இப்படிப் படம் எடுத்துக்கொண்டு அப்போதே அவரிடம் கொடுத்திருக்கலாம்.

கண்டனூர் வீடு

அண்டா வழக்கு முடிந்தும் எட்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது சார். ஒரு காது இல்லை.

பள்ளி ஆசிரியை

நான் கோர்ட் விஷயம் தெரிந்தவள் இல்லை. எங்கள் பள்ளிக் குழந்தை ஒருத்தியை வாக்குமூலம் கொடுக்க நடுவர் முன்னால் அழைத்துப் போனோம். அந்த வழக்கு அதற்கென்று இருக்கிற தனி நீதிமன்றத்தில்தான் நடந்தது, ஆனால் முதல் வாக்குமூலம் நடுவரிடம்தான். பழைய 164, இப்போது 183 என்றார்கள். பெண் நடுவர், சின்ன வயது, புதிதாக வந்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவர் மேடையை விட்டு இறங்கித் தன் அறைக்கு வந்து, குழந்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடம் வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை, எந்தப் பாடம் பிடிக்கும், தோழி பெயர் என்ன, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார், ஆனால் கதவு வழியாக அவள் என்னைப் பார்க்கிற மாதிரி உட்காரச் சொன்னார். குழந்தை எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் தன் அம்மாவிடம் சொல்லாததையும் சொன்னாள்.

அதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் அவர் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கும் இந்த வேலை வரும். அதனால் எழுதினேன்.

குற்றவழக்கு வக்கீல், காரைக்குடி

டீச்சர் எழுதியதுக்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை, ஆனால் தங்கச்சிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ரிமாண்டில் ஆள் போனபின் குற்றப்பத்திரிகைக்கான அறுபது நாள், தொண்ணூறு நாள் கெடுக் கணக்கை வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிட வேண்டாம். வக்கீலே இல்லாதவர்கள்தான் அதிகம். கொரோனா காலத்தில் கெடு நீட்டிப்பு குற்றப்பத்திரிகைக்கும் பொருந்தும் என்று சொல்லி ஜாமீன் மறுத்த வழக்கு மதுரை சமயநல்லூர் காவல் நிலையத்து வழக்குதான். 2020-ல் காசி என்பவரின் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் எதிரியிடம், உனக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிட்டது என்று நீதிபதியே சொல்ல வேண்டும். வீடியோ கான்பரன்ஸில் இருபது பேரை வரிசையாக நீட்டிக்கும்போது இது தவறிப்போகும். ரிமாண்ட் பதிவேட்டில் ஆள் பெயருக்கு எதிரே கடைசி நாளைச் சிவப்பு மையில் எழுதி வைத்தால் போதும்.

தேவகோட்டை ஜூனியர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவள் இந்த இழையை முழுசாக வாசித்தாள், பாதியை நோட்டில் எழுதிக்கொண்டாள். கண்டனூர் ஆச்சி சொன்னதை மட்டும் முதல் பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறாள், நான் பார்த்தேன்.

அவள் கேட்கச் சொன்னது இரண்டு. ஏ.பி.பி. சார், நீங்கள் சொன்ன மாதிரி முடிந்த வழக்கின் கட்டு ஏதாவது, பெயர்களை மறைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் அவளுக்குக் காட்ட முடியுமா? தானே கேள்வி எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறாள். அப்புறம் பெஞ்ச் கிளார்க் ஐயா, வளவு மாதிரி நீங்கள் பார்த்த வேறு சொற்கள் ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். அவளை எந்த ஊரில் போடுவார்கள் என்று தெரியாது. கொங்குப் பக்கம் போட்டால் இதே தப்பு தலைகீழாக நடக்கும் என்கிறாள்.

ஏ.பி.பி. ஆக இருந்தவன்

மேல்முறையீடு வரை முடிந்த கட்டு மூன்று என்னிடம் நகலாக இருக்கிறது. பெயர்களை அடித்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லுங்கள், கேள்விகளை எழுதி முடிக்கும் வரை நான் தீர்ப்பைக் காட்ட மாட்டேன்.

பழைய பெஞ்ச் கிளார்க்

சொற்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது தம்பி, பணியில் இருந்தபோது எழுதி வைத்தது. சீர்வரிசைச் சாமான் பெயர்களே நாலு பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே வருகிறேன். வரும்போது பாப்பாவை ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ரிமாண்ட் பதிவேடு எப்படிப் போடுவது என்று கோடு போட்டுக் காட்டுகிறேன்.